மெஷின் மேல பழி போட்ட கதை: வீட்டு வைஃபையில் கோளாறு தேடும் முறை

போன மாசம் ஒரு தப்பு பண்ணினேன். வீட்டு வைஃபை சரியா வரலைன்னு, கீழ் வீட்டில் ஓடுகிற தையல் மெஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டேன். நேரடியா "நிறுத்துங்க" என்று சொல்லவில்லை. ஆனா சொன்ன விதம் அப்படித்தான் இருந்தது. மூன்று நாள் சாயங்காலம் பன்னிரண்டு பவர் டேபிள் ஒரு மணி நேரம் நின்றது. கோளாறு அங்கே இல்லை. எங்கே இருந்தது, அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதுதான் இந்தப் பதிவு. உங்க வீட்டிலும் வைஃபை வந்து வந்து போகிறது என்றால் இதே வரிசையில் தேடிப் பாருங்க.

நாங்க இருப்பது திருப்பூரில், மாடி வீட்டில். கீழே ஒரு சின்ன ஜாப் ஒர்க் யூனிட். நடத்துகிறவரை நான் அண்ணா என்று கூப்பிடுவேன், அவர் என்னைத் தம்பி என்பார். காலையில் 8.30க்கு ஆரம்பித்தால் ராத்திரி 8 மணி வரைக்கும், ஊர் வழக்கப்படி ஒன்றரை ஷிப்ட். டெய்லர்கள் எல்லாம் பீஸ் ரேட்.

மகள் பிளஸ் டூ. தினமும் 7 மணிக்கு ஆன்லைன் டியூஷன். ஏழு மணி ஆனால் போதும், வாத்தியார் முகம் உறைந்துவிடும், குரல் விட்டுவிட்டு வரும். போனில் வைஃபை கோடு முழுசா இருக்கும். எட்டு மணி தாண்டினால் எல்லாம் சரியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை பிரச்சினையே இல்லை. மெஷின் ஓடினால் நெட் படுக்கிறது, நின்றால் எழுகிறது. ஆறு புது மெஷின் இறக்கிய அதே மாசம்தான் தொல்லையும் ஆரம்பித்தது. இதுக்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

அண்ணாவிடம் சொன்னேன். "அதுக்கென்னங்க தம்பி, பாப்பா படிப்பு முக்கியமில்லைங்களா? ஏழுல இருந்து எட்டு வரைக்கும் மெஷினை நிறுத்தீட்டு பிசிறு வெட்டச் சொல்லிப் பார்க்கலாமுங்க" என்றார். திங்கட்கிழமை நிறுத்தினார். அன்றைக்கு டியூஷன் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. எனக்கு ஒரே பெருமை, கண்டுபிடிச்சுட்டோம் என்று. செவ்வாய்க்கிழமையும் நிறுத்தினார். அன்றைக்குப் பழையபடி முகம் உறைந்தது. அப்போதுதான் லேசாகச் சந்தேகம் வந்தது. புதன்கிழமை ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு

"வைஃபை வரலை" என்று நாம் சொல்கிற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று தனித்தனிக் கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. போனில் இருந்து ரவுட்டர் வரைக்கும் போவது ரேடியோ அலை. இது மட்டும்தான் வைஃபை. ரவுட்டரில் இருந்து வெளியே போவது கம்பி, இப்போ பெரும்பாலும் கண்ணாடி இழை. அதுக்கும் அப்பால் கம்பெனியின் வலையமைப்பு, அதைத் தாண்டி உலகம். இந்த மூன்றில் எங்கே உடைந்தாலும் நமக்குத் தெரிவது ஒன்றுதான்: திரையில் சுற்றுகிற வட்டம்.

போனில் தெரிகிற கோடுகள் முதல் துண்டைப் பற்றி மட்டும்தான் பேசும். கோடு முழுசா இருக்குது, நெட் வரலை என்றால் அதில் முரண்பாடு எதுவும் இல்லை. ரோட்டு விளக்கு எரிகிறது என்பதால் பஸ் வருகிறது என்று அர்த்தமில்லையே. ரேடியோவில் கோளாறு இருக்கும்போது கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பதும், கம்பியில் கோளாறு இருக்கும்போது புது ரவுட்டர் வாங்குவதும் இதைப் பிரித்துப் பார்க்காததால்தான்.

இரண்டு பிங் போதும்

பிரித்துப் பார்க்க ஒரு பழைய கருவி இருக்கிறது. 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த மைக் மூஸ் என்பவர் எழுதிய சின்ன நிரல், பெயர் பிங். நீர்மூழ்கிக் கப்பல் சோனார் கருவி எழுப்புகிற சத்தத்தை வைத்து அந்தப் பெயர். ஒரு சின்னச் செய்தியை அனுப்பும், அது திரும்பி வர எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்று சொல்லும். அவ்வளவுதான். ஆயிரத்தில் ஒரு பங்கு செகண்ட், ஒரு மில்லிசெகண்ட்.

கம்ப்யூட்டரில் கட்டளைத் திரை இரண்டைத் திறந்துகொள்ளுங்க. ஒன்றில் உங்க ரவுட்டரின் முகவரிக்குப் பிங் போடுங்க. அது பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கிற சீட்டைப் பார்த்தால் தெரியும். இன்னொன்றில் 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்குப் போடுங்க. விண்டோஸில் கடைசியில் மைனஸ் டி சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். போனிலேயே பார்க்க வேண்டும் என்றால் அதுக்கும் இலவச ஆப் உண்டு.

இப்போ படிப்பது சுலபம். ரவுட்டருக்குப் போகிற பிங் 2, 3, 5 என்று வந்தால் ரேடியோ நல்லா இருக்கிறது. அதுவே 3, 4, 600, பதில் இல்லை, 5 என்று தாறுமாறாக வந்தால் கோளாறு வீட்டுக்குள், ரேடியோவில். கம்பெனிக்குப் போன் பண்ணி பிரயோஜனம் இல்லை. முதல் பிங் நல்லா இருந்து, இரண்டாவது மட்டும் கெட்டுப்போனால் ரவுட்டருக்கு வெளிப்பக்கம் பார்க்கணும்.

இந்தச் சோதனை ஐந்து நிமிஷம். நான் இதைச் செய்யாமல் பன்னிரண்டு மெஷினை நிறுத்தினேன்.

ரேடியோ பக்கம்: சந்தேகப்பட நியாயம் உண்டு

நான் ஏன் மெஷின் மேல் சந்தேகப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ரேடியோ பக்கம் உண்மையிலேயே நெரிசலானது.

வைஃபை ஓடுகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை ஒரு காலத்தில் தொழிற்சாலை, ஆராய்ச்சி, மருத்துவக் கருவிகளுக்காக ஒதுக்கிய இடம். மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் ஓடுகிறது. 1985இல் அமெரிக்கா அந்தப் பட்டையில் உரிமம் இல்லாமல் தகவல் தொடர்பு செய்யலாம் என்று திறந்துவிட்டது. 1997இல் வைஃபையின் முதல் தரநிலை வந்தது. இந்தியாவில் 2005 ஜனவரியில்தான் 2.4 பட்டைக்கு உரிமம் தேவையில்லை என்று அறிவித்தார்கள். 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதியை 2018 அக்டோபரில் திறந்தார்கள். உரிமம் வேண்டாம் என்றால் யார் வேண்டுமானாலும் பேசலாம். பாதுகாப்பும் கிடையாது. பக்கத்து வீட்டு ரவுட்டர் சத்தம் போடுகிறது என்று யாரிடமும் முறையிட முடியாது.

2.4 பட்டையில் நம் ஊரில் 13 சேனல். பதின்மூன்று என்றால் நிறைய மாதிரித் தெரியும். ஆனால் பக்கத்துப் பக்கத்துச் சேனலுக்கு நடுவில் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான், ஒரு ரவுட்டர் எடுத்துக்கொள்கிற அகலமோ 20. அதனால் ஒன்றையொன்று இடிக்காமல் மூன்றுதான் உட்கார முடியும்: 1, 6, 11. என் மொட்டை மாடியில் நின்று ஒரு ஸ்கேன் போட்டால் 2.4இல் மட்டும் 17 பெயர் வந்தது. மூன்று பேர் பெஞ்சில் பதினேழு பேர்.

வைஃபை மரியாதை தெரிந்த சாதனம். பேசுவதற்கு முன்னால் காது கொடுத்துக் கேட்கும். யாராவது பேசிக்கொண்டிருந்தால் காத்திருக்கும். ஒரே சேனலில் இருக்கிறவர்கள் வரிசையாக, மெதுவாகவாவது பேசி முடித்துவிடுவார்கள். நடுவில் 4ஆவது சேனலில் உட்கார்ந்திருக்கிற ஆள்தான் தொல்லை. 1இல் இருப்பவருக்கும் 6இல் இருப்பவருக்கும் அவர் பேசுவது புரியாது, இரைச்சலாக மட்டும் கேட்கும். அதனால் கூட்டமாக இருந்தாலும் 1, 6, 11 மூன்றில் ஒன்றையே வையுங்க. அகலத்தை 20க்கு மேல் வைக்காதீங்க. முடிந்தால் 5 பட்டைக்கு மாறிவிடுங்க. அங்கே இடம் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டுகிற பலம் குறைவு. பக்கத்து அறைக்குச் சரி, இரண்டு சுவருக்கு அப்பால் சிரமம்.

சுவர் மட்டும் இல்லை. இரும்பு பீரோ, கண்ணாடியின் பின்பூச்சு, கான்கிரீட் தளத்துக்குள் ஓடுகிற கம்பி எல்லாம் அலையைத் திருப்பி அடிக்கும். தண்ணீர் அலையைக் குடித்துவிடும். மனிதர்களும் பாதிக்கு மேல் தண்ணீர்தான்.

சரி, தையல் மெஷின் மோட்டார்? கேள்வி நியாயமானது. பழைய மிக்ஸி ஓடும்போது ரேடியோவில் கரகர என்று கேட்கும். அந்த மோட்டாரில் கரித்துண்டு உரசித் தீப்பொறி வருகிறது, பொறி ரேடியோ இரைச்சலைக் கிளப்புகிறது. ஆனால் அந்த இரைச்சல் அலைவரிசை ஏற ஏறத் தேய்ந்துவிடும். மத்திய அலை ரேடியோ 1 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கிறது, வைஃபை 2400இல். ரேடியோவைக் கெடுக்கிற மிக்ஸி வைஃபையைத் தொடுவது அபூர்வம். அதுவும் போக, பவர் டேபிளின் பழைய கிளட்ச் மோட்டார் இண்டக்ஷன் வகை. அதில் உரசுகிற கரித்துண்டே கிடையாது. மெஷின் கிளம்பும்போது வோல்டேஜ் இறங்கி ரவுட்டர் தடுமாறுமா என்றும் யோசித்தேன். இன்றைய அடாப்டர்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். அப்படியே மின்சாரம் அறுந்திருந்தால் ரவுட்டர் அணைந்து மறுபடி எழுந்திருக்கும், விளக்குகள் காட்டிக்கொடுத்திருக்கும். என்னுடைய ரவுட்டர் விளக்கு ஒன்றுகூட அசையவில்லை.

இவ்வளவும் எனக்குப் பி.இ. முதல் வருஷத்தில் சொல்லிக்கொடுத்ததுதான். தெரிந்திருந்தும் நான் பழி போட்டேன்.

இழை பக்கம்

இரண்டாவது துண்டையும் பார்த்துவிடலாம். சுவரில் மாட்டியிருக்கிற பெட்டியில் பான் என்ற விளக்கு நிலையாக எரியணும். லாஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளிச்சமே வந்து சேரவில்லை என்று அர்த்தம். அப்போ கம்பெனிக்குப் போன் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. பெட்டியின் அமைப்புப் பக்கத்துக்குள் போனால் வந்து சேருகிற ஒளியின் அளவு டிபிஎம் கணக்கில் இருக்கும். மைனஸ் 15இல் இருந்து 25க்குள் இருந்தால் நிம்மதி. மைனஸ் 27ஐத் தொட்டால் விளிம்பில் நிற்கிறது. இழையை ஆணியில் இறுக்கிச் சுற்றினாலோ, கதவு இடுக்கில் மடக்கினாலோ வெளிச்சம் வளைவில் கசிந்துவிடும். மகள் அறை ஜன்னலில் அப்படி ஒரு மடக்கு இருந்தது, நிமிர்த்திவிட்டேன். அளவு மைனஸ் 21. அங்கேயும் குற்றமில்லை.

நோட்டு சொன்னது

புதன்கிழமை சாயங்காலம். நோட்டில் நான்கு பத்தி போட்டேன்: நேரம், ரவுட்டர் பிங், வெளிப் பிங், கீழே மெஷின் ஓடுகிறதா.

6.30: 3, 19, ஓடுகிறது.
6.50: 4, 1540, ஓடுகிறது.
7.15: 3, 1610, நின்றிருக்கிறது.
7.40: 3, 1580, நின்றிருக்கிறது.
8.10: 3, 20, ஓடுகிறது.
8.20: 4, 19, ஓடுகிறது.

கடைசி இரண்டு வரிதான் என்னை உட்கார வைத்தது. வழக்கமாக எட்டு மணிக்கு மெஷின் சத்தம் அடங்கிவிடும். அன்றைக்கு அடங்கவில்லை. படியில் இறங்கிப் பார்த்தேன். போன ஒரு மணி நேரத்தை ஈடுகட்ட எல்லாரும் 9 மணி வரைக்கும் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். திங்களும் செவ்வாயும் இப்படித்தானாம், எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு மெஷினும் முழு வேகத்தில் ஓடுகிறது, என் நெட் 19 மில்லிசெகண்டில் பறக்கிறது. மெஷின் நின்றிருந்த நேரத்தில் ஒன்றரைச் செகண்ட் தாமதம்.

அன்றைக்கே இன்னொன்றையும் பார்த்துவைத்தேன். ஏழரை மணிக்கு லேப்டாப்பை லேன் கேபிளில் ரவுட்டரோடு நேராக இணைத்துப் பார்த்தேன். அப்பவும் வெளிப் பிங் 1500க்கு மேல்தான். கேபிளில் ரேடியோவே இல்லை. ஆக ரேடியோ நிரபராதி, மெஷின் நிரபராதி, பக்கத்து வீட்டுக்காரரும் நிரபராதி.

மிச்சம் இருந்த கேள்வி ஒன்று: 6.45க்கு ஆரம்பித்து 8.05க்கு முடிகிற அது என்ன?

ரவுட்டர் பக்கத்தில் எந்தச் சாதனம் எவ்வளவு அனுப்புகிறது என்ற பட்டியல் இருக்கும். திறந்தேன். முதல் பெயர், என் லேப்டாப்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கல்வெட்டு, நடுகல் படம் எடுக்கப் போவது என் பழக்கம், இங்கே படிக்கிறவர்களுக்குத் தெரியும். பல வருஷத்துப் படங்கள் ஹார்ட் டிஸ்கில் குவிந்திருந்தன. டிஸ்க் போனால் எல்லாம் போய்விடும் என்று பயந்து, தினமும் 6 ஜிபி வீதம் இணையக் கிடங்குக்கு ஏற்ற ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்தேன். என் அலுவலக அழைப்புகள் 6.30க்கு முடியும். அதைக் கெடுக்கக் கூடாது என்று 6.45க்கு வைத்தேன். ஞாயிறு வெளியே போவதால் அன்றைக்கு ஓடாது. எழுதியது அதே மாசம். பிறகு மறந்தே போனேன்.

கணக்குப் போட்டுப் பாருங்க. என் இணைப்பில் இறங்குகிற வேகம் 100 எம்பிபிஎஸ், ஏறுகிற வேகம் 10தான். 6 ஜிபி என்பது 48,000 மெகாபிட். பத்தால் வகுத்தால் 4,800 செகண்ட், அதாவது 80 நிமிஷம். 6.45ஓடு 80 நிமிஷத்தைக் கூட்டினால் 8.05. ஷிப்ட் முடிகிற நேரத்தோடு ஐந்து நிமிஷ வித்தியாசம். திங்கட்கிழமை நெட் நல்லா இருந்ததுக்கும் காரணம் கிடைத்தது: அன்றைக்கு நான் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கோவை போயிருந்தேன், ராத்திரிதான் திரும்பினேன். மெஷின் நின்றதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

ஏற்றினால் ஏன் இறங்குவது நிற்கிறது?

மகள் பார்ப்பது வீடியோ, அது இறங்குகிறது. நான் செய்வது ஏற்றம். இரண்டும் வேறு வேறு திசை. ஏன் இடித்துக்கொள்கின்றன?

திருப்பூர் உதாரணமே சொல்கிறேன். ஓவர்லாக் டேபிள் ஒன்றுதான் இருக்கிறது என்று வையுங்க. கட்டிங்கில் இருந்து ஆயிரம் பீஸ் பண்டலைக் கொண்டுவந்து கொட்டிவிட்டார்கள். பின்னாலேயே ஒரே ஒரு சாம்பிள் பீஸ் வருகிறது, பையருக்கு இப்பவே போகணும். அதைத் தைக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் வரிசைப்படிதான் எடுப்பேன் என்று டெய்லர் சொன்னால், அந்தச் சாம்பிள் ஆயிரம் பீஸும் முடியும்வரை காத்திருக்கணும். டெய்லர் மெதுவானவர் இல்லை. வரிசைதான் நீளம்.

ரவுட்டரிலும் இதே கதை. அதுக்குள் அனுப்ப வேண்டியதைக் குவித்து வைக்கிற கிடங்கு ஒன்று இருக்கிறது. எதையும் தொலைத்துவிடக் கூடாது என்று நல்லெண்ணத்தில் அதைப் பெரிதாக வைத்துவிட்டார்கள். 2 எம்பி கிடங்கு நிறைந்துவிட்டது என்றால் 16 மெகாபிட். 10 எம்பிபிஎஸ்ஸில் அது காலியாக 1.6 செகண்ட் ஆகும். மகளின் குரல், "இந்தத் துண்டு வந்து சேர்ந்தது, அடுத்ததை அனுப்பு" என்று அவள் கம்ப்யூட்டர் அனுப்புகிற சின்னச் சின்ன ரசீதுகள் எல்லாம் என் நடுகல் படங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். ரசீது வராததால் அந்தப் பக்கமும் அனுப்புவதைக் குறைத்துக்கொள்ளும். முகம் உறைந்துவிடும். என் நோட்டில் 1540, 1610 என்று வந்தது இந்த வரிசையின் நீளம்தான்.

இதுக்குப் பெயர் பஃபர்ப்ளோட், கிடங்கு வீக்கம் என்று சொல்லலாம். பெயர் வைத்தவர் ஜிம் கெட்டிஸ், எக்ஸ் விண்டோ அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். 2010 வாக்கில் தன் வீட்டு இணைப்பில் பெரிய கோப்புகளை அனுப்பும்போது தாமதம் எக்கச்சக்கமாக ஏறுவதைப் பார்த்துத் துருவியவர். அவ்வளவு பெரிய நிபுணர் வீட்டிலும் வந்தது இதே கோளாறுதான் என்பது எனக்குச் சின்ன ஆறுதல். 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற தீர்வை வெளியிட்டார்கள். கிடங்கில் எவ்வளவு குவிந்திருக்கிறது என்று பார்க்காமல், ஒரு துண்டு எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்க்கிற முறை. அதிலிருந்து வளர்ந்த எஃப்க்யூ கோடெல், சாம்பிள் பீஸை முன்னால் எடுத்துக்கொள்கிற டெய்லர் மாதிரி. 2018இல் அது முறையான இணைய ஆவணமாகவும் வந்தது. சில ரவுட்டர்களில் எஸ்க்யூஎம் அல்லது ஸ்மார்ட் க்யூ என்ற பெயரில் இருக்கும், இருந்தால் போட்டுவிடுங்க.

வேக சோதனை இதைக் காட்டாது. நான் அளந்ததெல்லாம் ராத்திரி 9 மணிக்கு மேல், கிடங்கு காலியாக இருந்த நேரம். 100 வந்தது, "நெட் நல்லாத்தானே இருக்குது" என்று விட்டுவிட்டேன். வேகம் ஒரு அளவு, தாமதம் இன்னொரு அளவு. உங்க வீட்டில் யாராவது பெரிய கோப்பு ஏற்றும்போது, போன்கள் படங்களைத் தானாகச் சேமிக்கும்போது, சிசிடிவி கேமரா இணையத்துக்கு அனுப்பும்போது பிங் போட்டுப் பாருங்க. 20 இருந்தது 500, 1000 என்று ஏறினால் இதுதான்.

என் தீர்வு எளிது. ஸ்கிரிப்டை ராத்திரி 2 மணிக்கு மாற்றினேன். வேகத்துக்கு 7 எம்பிபிஎஸ் என்று கடிவாளமும் போட்டேன். பத்தையும் அது பிடிக்காமல் இருந்தால் கிடங்கு நிறையாது. வியாழக்கிழமை டியூஷன் முழுசா நடந்தது, கீழே மெஷின் ஓட ஓட.

கீழே போனேன்

வியாழக்கிழமை மதியமே அண்ணாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "மெஷினுக்கும் நெட்டுக்கும் சம்பந்தம் இல்லீங்கண்ணா. என் லேப்டாப்தான். நான்தான் சரியாப் பார்க்காம சொல்லிட்டேன்." அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "விடுங்க தம்பி, தெரிஞ்சுருச்சில்லைங்க" என்றார். அது மன்னிப்பு என்றே எடுத்துக்கொண்டேன், ஆனாலும் மனசு ஆறவில்லை. அவருக்குப் போனது மூன்று மணி நேர உற்பத்தி. டெய்லர்களுக்கு அதுகூட இல்லை. அவர்கள் அதை ராத்திரி 9 வரைக்கும் உட்கார்ந்து தைத்து முடித்துக்கொடுத்தார்கள், வீட்டுக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனார்கள். சனிக்கிழமை சம்பளத்தில் அதுக்குக் கணக்கு இல்லை. அன்றைக்கு எல்லாருக்கும் டீ, பன் வாங்கிக்கொடுத்துவிட்டு நானே விஷயத்தைச் சொன்னேன். அந்த மூன்று மணி நேரத்துக்கு அது ஈடாகாது என்று எனக்குத் தெரியும்.

கிளம்பும்போது அண்ணா கேட்டார், "அப்படீன்னா எங்க பில்லிங் கம்ப்யூட்டர் திக்கித் திக்கி வருதே, அது என்னங்க?" இந்த முறை அபிப்பிராயம் சொல்லவில்லை. நோட்டை எடுத்தேன்.

அங்கே முதல் பிங்கே தாறுமாறு: 4, 700, பதில் இல்லை, 5. அவர் ரவுட்டர் கேபின் மேஜைக்கு அடியில். கம்ப்யூட்டர் மறுமுனையில். நடுவில் ஆள் உயரத்துக்குத் துணி ரோல் அடுக்கு. பருத்தி காய்ந்திருந்தாலும் காற்றில் இருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், ஜவுளித் துறையின் தரக் கணக்கில் சுமார் 8.5 சதவீதம். ரோல் ரோலாக அடுக்கினால் அதுவும் ஒரு தண்ணீர்ச் சுவர் மாதிரித்தான். சிக்னல் மைனஸ் 78 டிபிஎம், சேனல் 4. ரவுட்டரை லாஃப்ட் உயரத்துக்கு ஏற்றி, சேனலை 11க்கு மாற்றினோம். மைனஸ் 58 ஆனது. இருபது டிபி வித்தியாசம் என்றால் நூறு மடங்கு பலம். பிங் 3, 4, 3 என்று அடங்கியது. ஒரு பைசா செலவில்லை.

மேலே ஒரு வீடு, கீழே ஒரு யூனிட். இரண்டு இடத்திலும் புகார் ஒன்றே, "நெட் சரியில்லை". காரணம் இரண்டும் இரண்டு திசை. இடத்தை மாற்றி வைத்தியம் பார்த்திருந்தால் இரண்டுமே சரியாகியிருக்காது.

அதனால் இந்த வரிசையை எழுதி வைத்திருக்கிறேன்:

1. எப்போதிலிருந்து, எந்த நேரத்தில்? அந்தச் சமயத்தில் என்ன மாறியது? நம் வீட்டில் மாறியதை முதலில் எழுதணும். நான் கீழ் வீட்டில் மாறியதை மட்டும்தான் எழுதினேன்.
2. ரவுட்டருக்கு ஒரு பிங், வெளியே ஒரு பிங். கோளாறு இருக்கும் நேரத்திலேயே.
3. முதல் பிங் கெட்டால் ரேடியோ: இடம், உயரம், பீரோ, சேனல், 5 பட்டை. லேன் கேபிளில் உறுதி செய்யணும்.
4. இரண்டாவது மட்டும் கெட்டால் யார் ஏற்றுகிறார்கள் என்று பார்க்கணும். யாரும் இல்லை என்றால் பெட்டி விளக்கு, ஒளி அளவு, அதுக்குப் பிறகு கம்பெனி. நோட்டோடு பேசினால் அவர்களும் சீக்கிரம் ஒத்துக்கொள்வார்கள்.
5. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றணும். ஒருநாள் சரியானால் சரியாகிவிட்டது என்று நம்பக் கூடாது, குறைந்தது மூன்று நாள் பார்க்கணும்.
6. அடுத்தவர் வேலையை நிறுத்தச் சொல்வது கடைசியில்தான் வரணும்.

ஆறாவதை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்.